அத்தியாயம் 6: புகைக்குள் போய் வந்தவரும் நோயாளிதான்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பல வருடங்களுக்கு முன்னர் ஓர் இரவு லயத்தில் தீப்பிடித்தது. பன்னிரண்டு காம்பரா. ஒரு கரைக் காம்பராவில் பிடித்த தீ அங்கேயே நின்றிருந்தாலும், கூரைத் தகரத்துக்குக் கீழே காம்பராக்களுக்கிடையில் மறிப்பு இல்லாததால் புகை மறுகரை வரை ஓடிவிட்டது. நெருப்பு எட்டிப்பார்க்காத காம்பராவிலும் கண் தெரியவில்லை. குவாட்டர்ஸிலிருந்து ஓடி வந்த மருத்துவிச்சி அம்மா மூன்று முறை உள்ளே போனார். முதல் முறை பிள்ளை பெற்று ஒன்பது நாளான தாய், அடுத்தது அந்தக் கைக்குழந்தை, கடைசியாகப் படுக்கையில் கிடந்த ஒரு தாத்தா.

மூவரையும் தோட்ட லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். அந்த இரவுக் கடமையில் இருந்த தாதி நான். தாத்தாவுக்கு ஒட்சிசன் போட்டேன். குழந்தையைப் பிள்ளைகள் வாட்டுக்கு அனுப்பினேன். மருத்துவிச்சி அம்மா வாசல் வாங்கில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "தலை இடிக்குது மிஸ், இரவைக்குச் சாப்பிடல்ல, அதான்" என்றார். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியை மாட்டிப் பார்த்தேன். 98 காட்டியது. ஒரு பிளேன்டீ கொடுத்து, வந்த லொறியிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். விடியும் முன்னர் அதே லொறி அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. ஓயாத வாந்தி. பெயரைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர் பிழைத்தார். அன்றைக்கு அவரையும் நோயாளிக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. இந்த அத்தியாயத்தில் உள்ள எல்லாம் அந்தப் பிழையிலிருந்து நான் படித்தவை.

புகையில் இருப்பது என்ன

தீ விபத்தில் சாகிறவர்களில் பெரும்பாலானவர்கள் உடல் எரிந்து சாவதில்லை, புகை குடித்துச் சாகிறார்கள். காற்றுப் போதாமல் எரியும் எந்தப் பொருளிலிருந்தும் காபனோரொட்சைட்டு கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தீ அடங்கிக் கனன்றுகொண்டிருக்கும் காம்பராவில் இது இன்னும் கூடுதலாகச் சேரும். "நெருப்பு அணைஞ்சிருச்சு, உள்ளே போய்ப் பார்ப்போம்" என்று போகிறவர் மயங்கி விழுவது இதனால்தான். இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை லேசில் விடாது. வெளியே வந்து சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால், ஏறியது பாதியாகக் குறைய 4 முதல் 6 மணித்தியாலம் பிடிக்கும். பையுடன் கூடிய முகமூடியை முகத்தோடு பொருத்தி நிமிடத்துக்கு 15 லீற்றர் ஒட்சிசன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் பாதியாகும். மூக்குக் குழாயில் 2 லீற்றர் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

விரல் கருவி அன்றைக்கு எனக்கு 98 காட்டியதற்கும் காரணம் இதே வாயுதான். அந்தக் கருவி இரண்டு வகை ஒளியைப் பாய்ச்சி இரத்தத்தின் சிவப்பை அளக்கிறது. காபனோரொட்சைட்டு ஏறிய இரத்தமும் ஒட்சிசன் ஏறிய இரத்தத்தைப் போலவே சிவந்திருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதனால் முடியாது. ஆகவே புகைக்குள் இருந்து வந்தவரின் விரலில் காட்டும் நல்ல எண்ணை நம்பக் கூடாது. தலையிடி, குமட்டல், தலைச்சுற்று, நடையில் தள்ளாட்டம், கேட்டதையே திரும்பக் கேட்பது ஆகியவற்றை நம்புங்கள். உறுதிப்படுத்தக் காபொட்சி ஈமோகுளோபினைத் தனியாக அளக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் ஒட்சிசனைத் தொடங்கிவிடுங்கள்.

இரண்டாவது நஞ்சு கட்டிலுக்குள் இருக்கிறது. முன்னர் வாட்டில் தும்பு மெத்தை, பஞ்சு மெத்தை. இப்போது ரெக்சின் உறைக்குள் ஃபோம். பொலியூரத்தேன் ஃபோம் எரிந்தால் காபனோரொட்சைட்டோடு ஐதரசன் சயனைட்டும் வெளியாகும். நைலோன் போர்வையும் கம்பளியும் பட்டும் எரியும்போதும் அது வரும். சயனைட்டு உடலின் கலங்களுக்குள்ளேயே ஒட்சிசனைப் பயன்படுத்த விடாமல் தடுத்துவிடும். தீக்காயம் அதிகமில்லாத ஒருவர், வாயில் கரியோடு, நினைவு தப்பி, இரத்த அழுத்தம் விழுந்து வந்தால் சயனைட்டை நினையுங்கள். இதற்கான மாற்று மருந்து ஐதரொக்சோகோபாலமின். அது எங்கே கிடைக்கும், அதுவரை என்ன செய்யலாம் என்பதைக் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடம் கேட்கலாம். அதன் தொலைபேசி எண்ணை வாட்டுச் சுவரில் எழுதி வைத்திருங்கள்.

மூன்றாவது வகை, தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கிற வாயுக்கள். ரெக்சினும் மின்கம்பி உறையும் டிரிப் குழாயும் பெரும்பாலும் பீவீசீ. அவை எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வரும். இருமல் உடனே தொடங்கும். தொண்டை வீக்கம் மணிக்கணக்கில் மெல்ல ஏறும். மூக்கு மயிர் பொசுங்கியிருந்தாலும், எச்சிலில் கரி கலந்திருந்தாலும், குரல் கம்மியிருந்தாலும் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மூச்சுக்குழாய் மூடிக்கொண்ட பின் குழாய் போடுவது மிகவும் கடினம். போட வேண்டியதை வீக்கம் ஏறுமுன் போட்டுவிட வேண்டும். தோட்ட மருந்தகத்தில் அதற்கு வழியில்லை. பதுளைக்கோ தியத்தலாவைக்கோ அவர் கிளம்பும் நேரத்தை ஒரு நிமிடமும் தள்ளிப்போடாதீர்கள்.

நைதரசன் ஒட்சைட்டுகள் செய்யும் கெடுதி இன்னும் தாமதமாகத் தெரியும். அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக் என்ற ஆஸ்பத்திரியில் 1929 மே 15 அன்று எக்ஸ்ரே பிலிம்கள் அடுக்கியிருந்த அறையில் தீப்பிடித்தது. அக்காலத்து பிலிம் நைத்திரோசெலுலோசு, எரிந்தால் இந்த வாயுக்களைக் கக்கும். 123 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் நச்சு வாயுவால். ஆஸ்பத்திரியை நிறுவியவர்களில் ஒருவரான டொக்டர் ஜோன் பிலிப்ஸும் அதில் அடக்கம். அவர் கட்டடத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தவர். அன்றிரவே இறந்துபோனார். உயிரோடு வெளியே வந்த வைத்தியரையும் புகை பல மணித்தியாலம் கழித்துக் கொன்றிருக்கிறது.

மருந்தகத்துக்குள்

தோட்ட மருந்தகத்தில் தீ எங்கிருந்து தொடங்கும் என்று கேட்டால் எல்லோரும் மண்ணெண்ணெயைச் சொல்வார்கள். என் கவலை வேறு மூன்றில்.

ஒன்று, கை தேய்க்கும் ஸ்பிரிட். 70 வீத அல்ககோலின் ஆவி ஏறக்குறைய 20 பாகை செல்சியஸிலேயே தீப்பிடிக்கத் தயாராகிவிடும். பதுளை டவுனில் பகல் வெயிலுக்கு அதைத் தாண்டிவிடும். அப்புத்தளையில் குளிர்தானே என்று ஆறுதல்பட முடியாது, அங்கேதான் மேசைக்குக் கீழே ஹீட்டர் வைக்கிறார்கள். கொவிட் காலத்தில் வந்த ஐந்து லீற்றர் கேன்கள் இன்னும் சில இடங்களில் பதிவுப் புத்தக அலுமாரிக்குக் கீழே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வாட்டில் ஒரு நாளைக்குத் தேவையானது மட்டும் இருக்கட்டும், மிச்சம் வெளியே பூட்டிய அறையில். சத்திரசிகிச்சைக் கூடத்திலும் இதே ஸ்பிரிட்தான் ஆபத்து. தோலில் தேய்த்தது காய மூன்று நிமிடமாவது விட வேண்டும். துணிக்குக் கீழே தேங்கியதைத் துடைக்காமல் டயதேமியைத் தொடக் கூடாது. அந்தக் கருவி கிளப்பும் புகையும் நாளாந்தம் கூடத்தில் நிற்பவரின் நெஞ்சுக்கு நல்லதல்ல. உறிஞ்சு குழாயை வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது ஒட்சிசன். ஒட்சிசன் தானாக எரிவதில்லை, மற்றதை எரிய வைக்கும். காற்றில் 21 வீதம் இருப்பது 23, 24 வீதமானாலே ஒரு பொறி கொழுந்துவிட்டு எரியும். முகமூடியைக் கட்டிலில் போட்டுவிட்டு வால்வைத் திறந்து வைத்தால் போர்வைக்குள்ளும் தலையணைக்குள்ளும் ஒட்சிசன் தேங்கும், மூடிய பிறகும் சிறிது நேரம் அங்கேயே நிற்கும். சிலிண்டர் வாயில் எண்ணெய்ப் பிசுக்கு படவே கூடாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்த கையோடு ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் தேடவே கூடாத ஒரு பொருள் சிலிண்டர்ச் சாவி. அதை ஒரு நூலால் சிலிண்டர் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். குழாய் வழியாக ஒட்சிசன் வரும் வாட்டுகளில், தீ வந்தால் பிரதான வால்வை மூடுவது யார் என்று ஒவ்வொரு கடமை முறையிலும் ஒரு பெயர் இருக்க வேண்டும். மூடினால் மூச்சுக்குத் தவிக்கப் போகிற நோயாளி யார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, இரவும் பகலும் ஓய்வில்லாமல் ஓடும் மின்கருவிகள். 2024 நவம்பர் 15 இரவு உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து அன்றிரவே 10 குழந்தைகள் இறந்தன. மின்கோளாறு என்றார்கள். ஒட்சிசன் செறிவாக்கி, பிள்ளையைச் சூடாக்கும் விளக்கு, நெபுலைசர், கெத்தல் எல்லாம் ஒரே பலகையில் சொருகியிருந்தால், அந்தப் பலகையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்றே கழற்றுங்கள். பழைய தோட்ட ஆஸ்பத்திரிகளின் மின்கம்பிகள் இவ்வளவு சுமைக்காகப் போடப்பட்டவை அல்ல. தோட்ட நிர்வாகத்துக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பல தோட்டங்களில் மருந்தகத்துக்குப் பக்கத்துச் சுவரே உரக் காம்பராவாகவோ மருந்தடிக்கும் இரசாயனங்கள் வைக்கும் ஸ்டோராகவோ இருக்கும். அது எரிந்தால் பக்கத்தில் நின்று சிகிச்சை செய்ய முடியாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக மேட்டில் போய் நில்லுங்கள். இரசாயனப் புகைக்குள் இருந்து வருகிறவரின் உடுப்பைக் கழற்றிக் கழுவிய பிறகுதான் அவரை அறைக்குள் எடுக்க வேண்டும். அந்த உடுப்பிலிருந்து வரும் ஆவி உங்களையும் சாய்க்கும்.

கதவு

தீ வந்த அறையில் இருப்பவரை வெளியே எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அறைக் கதவைச் சாத்துவது. தண்ணீர் தேடுவதும் தீயணைப்புக் கருவியைத் தேடுவதும் அதற்குப் பிறகுதான். சாத்திய மரக்கதவு பல நிமிடங்களுக்குப் புகையைத் தடுத்து வைக்கும். கதவுக்குக் கீழே ஈரத் துவாயைச் சுருட்டி வையுங்கள்.

கொல்கத்தாவின் தக்குரியா ஏஎம்ஆர்ஐ ஆஸ்பத்திரியில் 2011 டிசம்பர் 9 விடியப்புறம் தீ தொடங்கியது நிலக்கீழ் தளத்தில். நோயாளிகள் படுத்திருந்த மேல் மாடிகளுக்கு நெருப்பு போகவில்லை, புகை போனது. கண்ணாடியால் அடைத்த கட்டடத்தில் அது வெளியேற வழியில்லை. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சுத் திணறி, பலர் கட்டிலிலேயே. கேரளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இரண்டு இளம் தாதிமார் தங்கள் வாட்டிலிருந்த பெண்களில் எட்டுப் பேரை வெளியே எடுத்தார்கள். எஞ்சிய ஒருவருக்காகத் திரும்பிப் போனவர்கள் வரவில்லை. அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அந்த வாட்டில் புகையைத் தடுக்கும் கதவொன்றும் புகை உணரும் மணியொன்றும் ஒழுங்காக வேலை செய்திருந்தால், அவர்களுடைய தைரியத்துக்கு இவ்வளவு விலை இருந்திருக்காது என்றும் நினைப்பேன்.

தமிழ்நாட்டின் திண்டுக்கல்லில் 2024 டிசம்பர் 12 இரவு தனியார் ஆஸ்பத்திரியொன்றில் தீப்பிடித்தபோது ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் அகப்பட்டு மூச்சடைத்தவர்கள். லிஃப்டு உள்ள ஆஸ்பத்திரி ஊவாவில் சில மட்டும்தான், இருக்கும் இடத்தில் வேலை செய்பவருக்கு இது ஒன்று போதும்: புகை மணந்தால் லிஃப்டுக்குள் யாரையும் ஏற விடாதீர்கள், பெரிய டொக்டராக இருந்தாலும்.

வாட்டைக் காலி செய்யும்போது மாடியிலிருந்து நேரே முற்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் அதே மாடியில் கதவுக்கு அப்பால் உள்ள அடுத்த வாட்டுக்கு நகர்த்துங்கள். தீக்கு மிகக் கிட்ட இருப்பவர் முதலில். பிறகு நடக்கக்கூடியவர்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வரிசையாக. படுக்கையாளரைக் கட்டிலோடு தள்ள வழியில்லையென்றால், போர்வையோடு தரையில் இறக்கி, தலைப் பக்கத்துப் போர்வை முனைகளைச் சுருட்டிப் பிடித்து இழுங்கள். மெலிந்த தாதி ஒருவர் தன்னைவிடப் பாரமானவரை இப்படி இழுக்கலாம். நான் இழுத்திருக்கிறேன். ஒரு முறையாவது பயிற்சியாக, கூடவேலை செய்யும் ஒருவரைப் போர்வையில் கிடத்தி இழுத்துப் பாருங்கள். எந்த மூலையில் திரும்பாது, எந்த வாசற்படியில் சிக்கும் என்பது அப்போதுதான் தெரியும்.

சிறிய தீயணைப்புக் கருவி பத்திலிருந்து இருபது விநாடிதான் பீச்சும். குப்பைக்கூடை அளவுத் தீயை அது அணைக்கும், எரியும் கட்டிலை அணைக்காது. ஊசியைக் கழற்றி, தீயின் அடியைப் பார்த்து, கைப்பிடியை அமுக்கி, பக்கவாட்டில் வீசுங்கள். முதுகுக்குப் பின்னால் எப்போதும் வாசல் இருக்க வேண்டும். காபனீரொட்சைட்டுக் கருவியைச் சின்ன அறையில் பீச்சினால் அந்த அறைக் காற்றிலும் ஒட்சிசன் குறையும், பீச்சிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

முகமூடியைப் பற்றி ஒரு சொல். சத்திரசிகிச்சை முகமூடியோ என்95 முகமூடியோ ஈரத் துணியோ காபனோரொட்சைட்டையும் சயனைட்டையும் நிறுத்தாது. என்95 கரித்துகளைப் பிடிக்கும், அவ்வளவுதான். இருமல் குறைந்ததை வைத்து "தாக்குப்பிடிக்கலாம்" என்று நினைத்து உள்ளேயே நிற்க வைத்துவிடும் என்பதால் எனக்கு அதில் பயமே கூட.

லயத்தில்

மலைநாட்டு லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி கணக்கில் கட்டப்பட்டது. அதற்குள் சமையல், படுக்கை, விறகு, பிள்ளைகளின் புத்தகம், சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எல்லாம். பலகையால் இரண்டாகத் தடுத்திருப்பார்கள், இஸ்தோப்பையும் அடைத்து அறையாக்கியிருப்பார்கள். வெளியேற ஒரே வாசல். மின்னொழுக்கு என்று பத்திரிகையில் வரும் செய்தியில் ஒரு காம்பரா எரிந்ததாக இருப்பது அரிது, ஒரு வரிசையே எரிந்ததாகத்தான் இருக்கும்.

குப்பி விளக்குக் காலத்தில் இன்னும் மோசம். விழுந்து உருளும் போத்தல் விளக்குகளால் எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் விஜய கொடகும்புர, குள்ளமாகவும் கனமாகவும் தட்டைப் பக்கங்களோடும் திருகு மூடியோடும் ஒரு விளக்கை வடிவமைத்தார். தட்டினால் சாயாது, சாய்ந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. 1998 இல் அதற்காக ரோலக்ஸ் விருது கிடைத்தது. காயத்துக்கு மருந்து போடும் கையே காயத்தின் காரணத்தையும் தேடியது என்பதற்காக அவரை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். கரண்ட் வெட்டும் இரவுகளில் இன்றும் சில காம்பராக்களில் ஜாம் போத்தலில் திரி எரிகிறது. வீட்டுக்குப் போகும்போது அதைப் பாருங்கள், பேசுங்கள்.

குளிர்காலத்தில் பிள்ளை பெற்றவளின் அறையைப் பொத்திப் பூட்டி, சட்டியில் தணல் வைத்து, பிள்ளைக்குச் சாம்பிராணியும் போடுவார்கள். அப்புத்தளை, மடுல்சீமைப் பக்கங்களில் மார்கழிக் குளிருக்குத் தணல் வேண்டாம் என்று வெறுமனே சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். நான் சொல்வது இப்படி: "தணல நல்லா கனிய வச்சு, அறையச் சூடாக்கிட்டு, படுக்கும்போது வெளிய எடுத்து வச்சிருங்க அம்மாயி. பிள்ள மூச்சு விட ஒரு கதவு திறந்திருக்கட்டும்." மூடிய அறையில் தணலோடு தூங்கிய தாயும் பிள்ளையும் ஒன்றாக மயங்கிக் கிடந்தால், சென்றவுடன் நீங்கள் உள்ளே உட்கார்ந்து நாடி பார்க்கக் கூடாது. கதவையும் ஜன்னலையும் திறந்து, இருவரையும் இஸ்தோப்புக்கு இழுத்த பிறகு பாருங்கள்.

லயம் எரிகிறபோது உள்ளே போவதா என்ற கேள்விக்கு நான் கண்டிப்பாகவே பதில் சொல்கிறேன். கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் திறக்காதீர்கள். திறந்த வாசலில் புகை உங்கள் நெஞ்சுயரத்துக்கு இறங்கியிருந்தால் போகாதீர்கள். அதற்கு மேலேயே நின்றால், இரண்டு பேராக, தரையோடு தவழ்ந்து, சுவரைக் கையால் விடாமல், ஒரே ஒரு முறை. நைலோன் சேலையோடு போகக் கூடாது, உருகித் தோலில் ஒட்டும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மருத்துவமாது எந்த நிலையிலும் போகக் கூடாது. தாயின் இரத்தத்தைவிடச் சிசுவின் இரத்தம் காபனோரொட்சைட்டை இன்னும் இறுக்கமாகப் பிடித்து, இன்னும் தாமதமாக விடும். தாய்க்கு லேசான தலையிடியாக முடிவது வயிற்றுப் பிள்ளையின் உயிருக்கு உலை வைக்கும்.

அப்படியானால் வெளியே கைகட்டி நிற்பதா? உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய உதவி கைத்தெம்பு அல்ல, பதிவுப் புத்தகம். எந்தக் காம்பராவில் கர்ப்பிணி, எதில் கைக்குழந்தை, எதில் பாரிசவாதத்தில் படுத்த தாத்தா, எதில் வலிப்பு வரும் பையன் என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாத அளவு உங்களுக்குத் தெரியும். இரவில் தீ என்று கேட்டதும் ஓட வேண்டிய கங்காணிக்கும் இளைஞர்களுக்கும் "மூணாம் காம்பராவில பாட்டி எழும்பமாட்டா, எட்டில பச்சப் பிள்ள" என்று சொல்ல உங்களால் மட்டுந்தான் முடியும். மாதத்துக்கொரு முறை, லயத்தின் காம்பரா இலக்கங்களை ஒரு தாளில் வரைந்து, தானாக எழுந்து ஓட முடியாதவர்களுக்கு மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு பிரதி மருந்தகக் கதவுக்குப் பின்னால், ஒன்று உங்கள் பையில். நோயின் பெயர் அதில் வேண்டாம், புள்ளி போதும். அந்த இரவு மருத்துவிச்சி அம்மா மூன்று முறையும் நேராகச் சரியான காம்பராவுக்குப் போனது இந்த அறிவால்தான். அறிவை நான்கு பேருக்குக் கொடுத்திருந்தால் அவர் ஒருவர் மூன்று முறை போயிருக்க வேண்டியதில்லை.

அம்புலன்ஸுக்கு 1990, தீக்கு 110. பதுளை மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவை நேரே அழைக்கும் எண்ணையும் அருகே எழுதுங்கள். மடுல்சீமை, லுணுகலை, கொஸ்லந்தை மலைகளில் வண்டி ஏற எடுக்கும் நேரத்தைக் கணக்கில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும். அழைக்கும்போது, எரிந்தவர் எத்தனை பேர், எரியாமல் புகை மட்டும் குடித்தவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லுங்கள். லொறி எந்தச் சந்தியில் அம்புலன்ஸைச் சந்திக்கும் என்பதையும் அதே அழைப்பில் முடித்துவிடுங்கள். 2018 பெப்ரவரி 21 அதிகாலை தியத்தலாவை கஹகொல்லையில் பஸ்ஸொன்றுக்குள் கைக்குண்டு வெடித்து எரிந்தபோது, படையினர் 12 பேர் உட்பட 19 பேர் காயமடைந்தார்கள். ஓர் ஆதார வைத்தியசாலைக்கு ஒரே நேரத்தில் 19 பேர் வந்து இறங்கினால் முழு ஒட்சிசன் முகமூடி எத்தனை இருக்கும்? உங்கள் ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு வாருங்கள்.

நாளாந்தப் புகை

பெருந்தீ ஆயுளில் ஒரு முறை வரலாம். மருந்தகத்துக்குப் பின்னால் குழியில் சிரிஞ்சும் கையுறையும் டிரிப் குழாயும் எரிக்கும் புகை வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது. எரிப்பவர் சிற்றூழியர், அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பீவீசீ திறந்த வெளியில் எரிந்தால் ஐதரசன் குளோரைட்டோடு டயொக்சினும் கிளம்பும். டயொக்சின் மண்ணில் வருடக்கணக்கில் தங்கும், மாட்டுப் பாலிலும் சேரும். மஞ்சள் பைக் கழிவைப் பெரிய ஆஸ்பத்திரியின் எரியூட்டிக்கு அனுப்ப சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒழுங்கு கேளுங்கள். கொழுந்து ஏற்றிப் போகும் லொறியில் அல்ல, அதற்கென்ற பெட்டியில். அந்த ஒழுங்கு வரும்வரை பிளாஸ்டிக்கைப் பிரித்து மூடி வையுங்கள், எரிக்க வேண்டாம்.

ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து வறண்ட காற்று மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது மானாப்புல்லும் பைன் காடும் பற்றிக்கொள்ளும். எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை மலைகளில் நாட்கணக்கில் புகை நிற்கும். அந்த நாட்களில் மருந்தகத்துக்கு வரும் இழுப்புக்காரர் கூடுவார்கள். நெபுலைசர் மருந்தைப் புகை தெரிந்த அன்றே எடுத்து வையுங்கள். இந்தப் புகையில் பெரும் கெடுதி நுண்துகளால் என்பதால், வீடு வீடாக நடக்கும் மருத்துவமாதுக்கு இங்கே என்95 உண்மையிலேயே உதவும். இழுப்பு உள்ளவர் என்றால் அந்த வாரம் அவரை மேல் மலைக்கு அனுப்பாமல் விடச் சொல்லிக் கேட்பது சலுகையல்ல.

எல்லோரும் வெளியே வந்த பிறகு

புகைக்குள் ஒரு நிமிடம் போனவராக இருந்தாலும், வேலை செய்தவர் எல்லோரையும் நோயாளிகளோடு சேர்த்து எண்ணுங்கள். தாதி, சிற்றூழியர், காவல்காரர், லொறி டிரைவர். ஒவ்வொருவரையும் ஒருவர் கேட்க வேண்டும்: தலையிடி உண்டா, வாந்தி வருகிறதா, குரல் மாறியிருக்கிறதா, நெஞ்சு இறுகுகிறதா, எத்தனை நிமிடம் உள்ளே இருந்தீர்கள். தலையிடி என்று சொன்னவருக்கு விரல் கருவியைப் பார்க்காமல் முழு ஒட்சிசன். கர்ப்பிணியாக இருந்தால் தனக்குச் சுகம் என்று அவர் சொன்ன பிறகும் ஒட்சிசனை நிறுத்தாமல் வைத்தியரிடம் அனுப்புங்கள். அன்றிரவு புகைக்குள் போன யாரையும் தனியாகக் குவாட்டர்ஸில் படுக்க விடாதீர்கள்.

பிறகு எழுதுங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எரிந்தது என்ன, தெரிந்த குணங்குறி, கொடுத்த ஒட்சிசன், யார் பார்த்தார் என்பதெல்லாம் கடமைப் புத்தகத்தில் அன்றைக்கே ஏற வேண்டும். தோட்டக் கம்பனியின் சம்பளத்தில் இருப்பவருக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு, அரச உத்தியோகத்தருக்குத் தாபனக் கோவை உண்டு. இரண்டிலும், கடமை நேரத்தில் நடந்தது என்று காட்ட எழுத்துத்தான் வேண்டும். பின்னால் நெஞ்சு வருத்தம் என்று நிற்கும்போது "அன்றைக்கு நல்லாத்தானே நடந்து போனீங்க" என்றுதான் கேட்பார்கள்.

காபனோரொட்சைட்டு ஏறியவர்களில் சிலருக்கு, முற்றிலும் சுகமாகிப் போன பிறகு, சில நாட்களிலோ சில வாரங்களிலோ மறதி, எரிச்சல், நடையில் தடுமாற்றம், காரணமில்லாத அழுகை வரலாம். வீட்டுக்காரருக்கு இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள், இல்லாவிட்டால் பயந்துவிட்டாள் என்று கயிறு கட்டி வைத்துவிடுவார்கள். மருத்துவிச்சி அம்மாவுக்கு மூன்றாவது வாரத்தில் அது வந்தது. கிளினிக் காட்டில் திகதி எழுதப் போய், எந்த மாதம் என்று தெரியாமல் பேனையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். அவருடைய மகள் அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிப் பதுளைக்குக் கூட்டி வந்தாள்.